காட்டுப்பன்றிகளின் இரண்டு கோடைகள்

எங்கள் நகரத்தில் ஓர் அமெரிக்க ஃபுட்பால் அணி இரண்டு கோடைகாலம் இருந்தது. இப்போது அதைப் பற்றிக் கேட்டால் ஆட்களுக்கு ஞாபகம் வருவதில்லை. ஜெர்மனியில், டுசல்டோர்ஃபிலிருந்து ட்ராமில் நாற்பது நிமிடம் தள்ளியிருக்கிற, உதைபந்தாட்டத்தைத் தவிர வேறொன்றையும் விளையாட்டென்று ஒத்துக்கொள்ளாத ஊர் அது. அங்கே சமையலறைத் தளபாடங்கள் விற்கும் ஒரு பெரிய வியாபாரி, அமெரிக்காவில் விடுமுறை கழித்துவிட்டு வந்த கையோடு, சம்பளம் கொடுத்து ஆட்களைச் சேர்த்து அணியைத் தொடங்கினார். அதன் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் காட்டுப்பன்றிகள்.

அந்தப் பெயர் எங்கள் வீட்டில் பட்ட பாடு கொஞ்சமல்ல. வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டும் சமைக்கிற அம்மாவுக்கு, தன் சொந்தத் தம்பி நெஞ்சில் பன்றித் தலை போட்ட உடுப்போடு சாமிப் படத்துக்கு முன்னால் நடந்து போவதைக் கடைசிவரை சகிக்க முடியவில்லை. அந்த உடுப்பைத் தோய்த்ததும், கீழ்வீட்டுத் தமிழ்க் குடும்பத்தின் கண்ணில் படாதபடி, உட்புறத்தை வெளியே திருப்பித்தான் பல்கனியில் காயப்போடுவார்.

மாமா எங்களோடுதான் இருந்தார். மூன்று வயதில் அம்மாவின் இடுப்பில் இருந்தபடி ஜெர்மனிக்கு வந்தவர். அம்மாவுக்கு அப்போது பதினாறு. அதனால் அக்கா என்று கூப்பிட்டாரே தவிர, பயமும் மரியாதையும் தாயிடம் இருப்பதைப்போலவே இருந்தன. ஆறடி மூன்று அங்குலம். குடும்பப் படங்களில் எப்போதும் கடைசி வரிசையில் நிறுத்தப்படுவார், அப்படியிருந்தும் முன்னால் நிற்கிறவர்களைவிடப் பெரிதாகத் தெரிவார். வேலை ஒரு மின்சாதனக் கடையில், பொருட்களை வீடுகளுக்குக் கொண்டுபோய்ப் பொருத்திக் கொடுப்பது.

அணிக்கு வந்த அமெரிக்கப் பயிற்சியாளர் மூன்றாம் மாடியில் ஒரு வீடு எடுத்து, வாஷிங் மெஷின் ஒன்று வாங்கியிருந்தார். மாமாவின் கடையிலிருந்து அதைக் கொண்டுபோன அன்றைக்கு மாமாவோடு போகவேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். மாமா மெஷினைப் பட்டியால் முதுகோடு கட்டிக்கொண்டு தனியே ஏறினார். நடுவில் ஓரிடத்தில் நின்று, ஒதுங்கி, இறங்கி வந்த ஒரு கிழவிக்கு வணக்கமும் சொன்னாராம். மேல்மாடியில் இதைப் பார்த்துக்கொண்டு நின்ற பயிற்சியாளர், மெஷினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் மைதானத்துக்கு வரமுடியுமா என்றுதான் கேட்டார்.

அம்மாவின் சம்மதத்தை வாங்கப் பத்து நாள் எடுத்தது. மாமா தர்க்கம் பண்ணவில்லை. சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு பேசாமல் நின்றார், அவ்வளவுதான். கடைசியில் அம்மா ஒரு நிபந்தனை போட்டார்.

“கை கால் எண்டால் பரவாயில்லை. தலையில அடிபட்டால் அண்டையோட நிப்பாட்ட வேணும். விளங்கிச்சோ?”

“ஓம் அக்கா.”

எனக்கு அப்போது பத்து வயது. மாமாவோடு மைதானத்துக்குப் போவதற்கு வீட்டில் வேறு யாரும் இருக்கவில்லை. அம்மா வரமாட்டார். அப்பா ஒருமுறை வந்து, சத்தத்துக்குக் காதை மூடிக்கொண்டு முழு ஆட்டத்தையும் பார்த்துவிட்டு, பெயரில் உதைக்கிற பந்தாக இருக்கிறது, ஆனால் ஒருவரும் உதைக்கிறார்கள் இல்லை, அதிலும் உன் மாமா பந்தைத் தொடவே இல்லை என்று குறைப்பட்டார். மாமாவின் வேலை பந்தைத் தொடுவதல்ல என்று நான் விளங்கப்படுத்தினேன். அவர் முன்வரிசையில் நிற்கிறவர். பின்னால் நின்று பந்தை எறிகிறவரை எதிரிகள் நெருங்காமல் தன் உடம்பால் மறிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பந்து நகர்கிற அந்தக் கணத்தில் இரண்டு பக்கத்துப் பெரிய மனிதர்களும் முட்டிக்கொள்வார்கள். பார்வையாளர் வரிசையில் இருக்கிற எனக்கு அந்தச் சத்தம், யாரோ அலுமாரியைச் சரித்து விழுத்துவதுபோலக் கேட்கும்.

முதல் கோடையில் அணி நிறைய வென்றது. மைதானத்தில் வாத்தியம் முழங்கியது, பன்றி வேஷம் போட்ட ஒருவர் பிள்ளைகளுக்கு இனிப்பு எறிந்தார். ஒலிபெருக்கியில் பேசுகிறவருக்கு மாமாவின் பெயர் பாதிக்கு மேல் வாயில் நுழையவில்லை. அதனால் ‘சுவர்’ என்று ஒரு பட்டப்பெயர் வைத்தார். அவர் அதைச் சொன்னதும் முழுக் கூட்டமும் திருப்பிக் கத்தும். அதுவரை வகுப்பில் ஆசிரியை என் பெயரைக்கூட ஒழுங்காகச் சொன்னதில்லை. அந்தக் கோடையில் நான் சுவரின் மருமகள் ஆனேன். இடைவேளையில் பெடியன்கள் என்னைச் சுற்றி நின்று, மாமா காலையில் எத்தனை முட்டை சாப்பிடுவார் என்று கேட்பார்கள். மூன்றை நான் பன்னிரண்டு ஆக்கினேன்.

இரண்டாவது கோடை வரும்போது வியாபாரிக்கு ஆசை தணிந்துவிட்டது. பந்து எறிகிற அமெரிக்கர் வசந்தகாலத்திலேயே போய்விட்டார். பிறகு பன்றி வேஷம் போட்டவரைக் காணவில்லை. ஆட்டங்கள் பெரிய மைதானத்திலிருந்து ஊரின் ஓரத்திலிருந்த பள்ளிக்கூட மைதானத்துக்கு மாறின. அணியோடு எப்போதும் நிற்கிற வைத்தியருக்குப் பதிலாக, பனிக்கட்டிப் பெட்டியோடு ஒரு மாணவர் வந்தார். ஆட்கள் குறையக் குறைய, முன்பு பாதி நேரம் மட்டும் ஆடிய மாமா முழு நேரமும் ஆட வேண்டியதாயிற்று. அணி தள்ளாடுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாமா மட்டும், இன்னும் இரண்டு ஆட்டம் வென்றால் அடுத்த வருடம் நிச்சயம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னேன்.

கடைசிக்கு முந்தின ஆட்டம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாமாவோடு மோதினார்கள். அவர் பின்பக்கமாக விழுந்தார், தலைக்கவசம் நிலத்தில் பட்டது. ஆனால் எழும்பிவிட்டார். பெருவிரலை உயர்த்திக் காட்டினார், கூட்டம் கைதட்டியது. முடியும்வரை ஆடினார். எங்கள் அணி இருபது புள்ளிக்குப் பதினேழு என்று வென்றது.

திரும்பி வரும்போது ட்ராமில் மாமா என் பக்கத்தில் இருந்து, எத்தனைக்கு எத்தனை என்று கேட்டார். சொன்னேன். “அப்பிடியோ, நல்லது” என்றார். இரண்டு தரிப்பு போனதும் திரும்பவும் கேட்டார். என்னோடு விளையாடுகிறார் என்று நினைத்தேன். அதனால் முப்பதுக்குப் பத்து என்றேன். “அப்பிடியோ, நல்லது.” மூன்றாம் முறை கேட்டபோது நூறுக்குப் பூச்சியம் என்று சொன்னேன். அதற்கும் அதே பதில்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முன் இருக்கையில் இருந்த பெண் திரும்பிப் பார்த்துத் தானும் சிரித்தார். நாங்கள் இறங்கவேண்டிய இடம் வந்ததும் நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். இறங்கியதும் மாமா குப்பைத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தார். வாயைத் துடைத்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“அக்காட்டச் சொல்லிப்போடாதை, பிள்ளை. இன்னும் ஒரு மாட்ச்தான்.”

சொல்லமாட்டேன் என்றேன். அவர் என்னை நம்பி ஒரு இரகசியத்தைத் தந்தது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமா சமையலறை வாசலில் அம்மாவுக்கு முகத்தைக் காட்டிவிட்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டார். அம்மா புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். குழைத்த கையோடு கூடத்துக்கு வந்து, மூடிய கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏன் இவன் ஒரு மாதிரி இருக்கிறான்? தலையில கிலையில அடிபட்டதோ?”

“இல்லையம்மா. களைச்சுப் போனார்.”

“உண்மையாவோ?”

“உண்மையா.”

அம்மா கதவை இன்னொருமுறை பார்த்தார். பிறகு சமையலறைக்குத் திரும்பிப் போனார். அடுத்த ஆட்டத்துக்கு வகுப்பிலிருந்து ஆறு பேர் வருவதாக இருந்தார்கள். சுவருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துத் தருகிறேன் என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன். அம்மா கேட்டபோது என் மனதில் இருந்தது அந்த ஆறு பேரும்தான்.

அடுத்த ஞாயிறு, ஆட்டத்தின் இரண்டாவது கால்பகுதியில் மாமா விழுந்தார். பெரிய மோதல்கூட இல்லை. ஒரு தள்ளு. பனிக்கட்டிப் பெட்டியோடு ஓடிப்போன மாணவர், பெட்டியைத் திறக்காமலே நின்று கையை அசைத்துக் கூப்பிட்டார். ஆம்புலன்ஸ் வர வெகு நேரம் பிடித்ததாக எனக்கு ஞாபகம். அப்படியில்லாமலும் இருக்கலாம். அம்மா அந்த மைதானத்தைக் கடைசிவரை பார்க்கவில்லை. வீட்டிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தார். கையில் இரண்டு வெவ்வேறு சோடிச் செருப்பில் ஒவ்வொன்று. காலில் ஒன்றுமில்லை.

மாமா பிழைத்தார். தலையைத் திறந்து இரத்தக்கட்டை எடுத்தார்கள். நான்கு மாதம் கழித்துத் தடியோடு வீட்டுக்கு வந்தார். அதற்குள் காட்டுப்பன்றிகள் அணி கலைக்கப்பட்டுவிட்டது. அதை அறிவித்து எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஒரே மாதிரியான மூன்று வரிக் கடிதம் வந்தது. மாமாவுக்கு அப்போது வாசிக்க ஏலாமல் இருந்ததால், அவருடைய கடிதத்தை அப்பா வாசித்துச் சொன்னார். மாமா கேட்டுவிட்டு, அப்போ அடுத்த வருடம் இல்லையோ என்றார். இல்லை என்றார் அப்பா. வெளிச்சம் மாமாவுக்கு இன்றுவரை ஆகாது. வாகனம் ஓட்ட ஏலாது. எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அறையில் இருக்கிறார். காலையில் மூன்று மணித்தியாலம் ஒரு பட்டறையில் திருகாணிகளைப் பிரித்துப் பெட்டியில் போடுகிறார்.

பதினெட்டு வயதில் சாரதி அனுமதிப் பத்திரத்துக்காக முதலுதவி வகுப்புக்குப் போனேன். இந்த நாட்டில் அது கட்டாயம். சிவப்பு ஜாக்கெட் போட்ட ஒருவர் தலையில் அடிபட்டவர்களின் அறிகுறிகளைப் பலகையில் எழுதினார். குழப்பம், வாந்தி, பிறகு, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது. அவர்களை வீட்டுக்கு அனுப்பக்கூடாது, குணமாகும் முன் இரண்டாம் அடி பட்டால் ஆபத்து என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எழும்பி வெளியே போய், நடைகூடத்தில் கோட்டுகள் தொங்கிய இடத்தில் அவற்றுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கே மாமாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ட்ராம், நூறுக்குப் பூச்சியம், அம்மா கேட்டது, நான் சொன்னது. அவருக்கு அந்த நாளில் ஒன்றும் ஞாபகமில்லை. மெதுவாக, சொற்களைத் தேடி எடுத்து, “நான்தானே சொல்ல வேண்டாம் எண்டனான். நீ சின்னப்பிள்ளை” என்றார். அவர் கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. ஞாயிறுகளில் மாமாவுக்குச் சாப்பாடு கட்டும்போது அவர் சிலவேளை, தனக்குத்தான் சொல்வதுபோல, “அண்டைக்கு அவன்ர முகத்தைப் பாத்தும் ஒரு வார்த்தை கேக்காமல் விட்டிட்டன்” என்பார். என்னிடம் கேட்டதை அவர் மறந்துவிட்டார். இத்தனை வருடங்களாகக் கேட்காததற்காகத் தன்னையே நொந்துகொண்டிருக்கிறார். நான் பெட்டியின் மூடியைத் தேடுவதுபோலத் திரும்பிக்கொள்வேன்.

பத்து, பதினொரு வயதில் அம்மாவை மாமாவின் விளையாட்டுக்கு எதிரி என்று நினைத்திருந்தேன். மாமாவை அந்த மைதானத்துக்குப் போகாமல் மறிக்கக்கூடியவர் உலகத்தில் அம்மா ஒருவர்தான் என்பது, அந்த அம்மாவிடமிருந்து மாமாவைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து நான் நிம்மதியாகப் புட்டுச் சாப்பிட்ட அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.