ஹார்லன் டீட்ஸின் ஆப்புக் குதிரை

சர்க்கஸ் ரயில் வந்து நின்றால் ஜனங்கள் யானையைப் பார்க்க ஓடிவருவார்கள், சிங்கக் கூண்டுக்கு வழிவிட்டு ஒதுங்குவார்கள். அந்தக் கூண்டை ஸ்டேஷனிலிருந்து மைதானம்வரை இழுத்துப்போகும் குதிரையை எவனும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. ஹார்லன் டீட்ஸுக்கு அப்படிக் கோபமே கிடையாது. அவன் பாட்டுக்குக் குதிரைகளோடு பேசிக்கொண்டிருப்பான். அவனைப்போல ஒரு வண்டிக்காரனை நான் பார்த்ததில்லை.

நெப்ராஸ்கா சோளக்காட்டில் வளர்ந்தவன். ஆறு குதிரை பூட்டிய வண்டியைச் சாட்டை தொடாமல் ஓட்டுவான். ரயில் பெட்டியில் ஏற்றுவதிலும் அவன்தான் கெட்டிக்காரன். குதிரைகளை விலாவோடு விலா ஒட்ட நிறுத்த வேண்டும். இடம் விட்டால் வளைவில் ஒன்று விழும், விழுந்ததை மற்றவை மிதித்துவிடும். கடைசியில் நடுவே ஒரு சந்து மிஞ்சும். அதில் நுழைந்து எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் கடைசிக் குதிரையை ஆப்புக் குதிரை என்போம். எங்கள் பெட்டிக்கு அது ஹெட்டி என்ற கிழட்டுப் பெண்குதிரை. மற்றவை அந்தச் சந்தைக் கண்டாலே பின்வாங்கும்.

அந்த வருஷம் ஹார்லன் ஓட்டிய குதிரைகளில் சார்ஜன்ட் என்ற ஒன்றுக்குக் கண் போயிற்று. ஹார்லன் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஜோடிக் குதிரையின் தோளை ஒட்டி நடக்கப் பழக்கி, கோடை முழுக்க ஓட்டிவிட்டான். கான்சஸுக்கு வந்தபோது அது தனியாக நடந்து ஒரு கம்பத்தில் முட்டியதை மேஸ்திரி மெக்கார்டில் பார்த்துவிட்டார்.

"ஏண்டா, எவ்வளவு நாளா இந்தக் கூத்து?"

"நல்லாத்தான இழுக்குது மேஸ்திரி? கண்ணாலயா இழுக்குது?"

"வாயப் பாரு. குருட்டுக் குதிரைக்கு ரயில்ல எடம் கெடையாது. பதிலுக்கு ஒண்ணு வாங்கிக்கலாம். சாயங்காலம் தோல்காரன் வந்து இதை அறுக்க ஓட்டிட்டுப் போயிருவான்."

ஹார்லன் மத்தியானம் சாப்பாட்டுக் கூடாரத்துக்கே வரவில்லை. மெக்கார்டில் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

வெயில் சாயும் முன்பே ஏற்றத் தொடங்கினோம். பெட்டி நிறைந்துவிட்டது, ஹெட்டி ஒன்றுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து அதற்கு வயிற்றுவலி வந்து தரையில் புரண்டது. உள்ளூர் வைத்தியரிடம் அதை விட்டுவிட்டு, அடுத்த பெட்டிக்கு வைத்திருந்த குதிரைகளை ஒவ்வொன்றாகச் சந்தில் நுழைக்கப் பார்த்தோம். எல்லாம் முன்காலைத் தூக்கின. எஞ்சின்காரர் வேறு ஊதித் தள்ளினார்.

"வைக்கக்கட்ட வச்சு அடைச்சிரலாமா?" என்றேன்.

"நல்ல யோசனைதான். அடுத்த ஸ்டேஷனுக்குள்ள தின்னு முடிச்சிரும்," என்று சொல்லிவிட்டு ஹார்லன் எங்கேயோ போனான். திரும்பியபோது கையில் சார்ஜன்ட்டின் கயிறு.

"டேய், அதை எதுக்குடா கொண்டாற?"

"மத்ததெல்லாம் அந்தச் சந்தைப் பாத்துத்தான பயப்படுது மேஸ்திரி? இதுக்குத்தான் கண்ணு தெரியாதே."

மெக்கார்டில் பதில் சொல்லுமுன் சார்ஜன்ட் பலகைச் சரிவில் ஏறிவிட்டது. இரண்டு பக்கமும் பழகிய உடம்புகள் உரச, தயங்காமல் உள்ளே போய் நின்றது. வாலைக்கூட அசைக்கவில்லை. கோடையெல்லாம் ஒரு தோளைத் தேடி நடந்த குதிரை அது. ஹார்லன் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதான். சொல்ல என்ன வெட்கம், நானும்தான்.

அப்போதுதான் தோல்காரன் வண்டியோடு வந்தான்.

"எங்கங்க அந்தக் குருட்டுக் குதிரை?"

மெக்கார்டில் பெட்டியின் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"வேலையில இருக்கு," என்றார்.