பொரட்டாசிக்குக் கழுவிய ஐஸ்பெட்டி

பொரட்டாசி பிறப்பதற்கு முந்தின நாள் சந்திரமதியிடம் யாரும் வாயைக் கொடுக்க மாட்டார்கள். பாசிர் கூடாங்கில் அவள் இருக்கும் தாமான் குடியிருப்பு வரிசை முழுக்க அது தெரியும். அன்றைக்குத்தான் அவள் ஐஸ்பெட்டி கழுவுவாள்.

விரதம் பிடிப்பது என்னவோ புருஷன் சபாபதி. மாசம் முழுக்கக் கவுச்சி தொடமாட்டார். சனிக்கிழமையானால் நெற்றியில் நாமம், வாயில் கோவிந்தா. ரொம்ப நல்ல விஷயம், யார் வேண்டாமென்றது? ஆனால் பதினோரு மாசமாக அந்தப் பெட்டிக்குள் அவர் திணித்த ஆட்டிறைச்சி, நண்டு, பாதி தின்ற சம்பல், சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் ரூபேந்திரன் வாரக் கடைசியில் வந்து உள்ளே தள்ளிவிட்டு மறந்துபோகும் டுரியான், இதையெல்லாம் சுரண்டி எடுத்துப் பெருமாளுக்குப் பால் வைக்கிற இடமாக மாற்றுவது யார் தலையில் விழுந்தது? விரதம் ஒருத்தருக்கு, இடுப்புவலி இன்னொருத்திக்கு. இது எந்த ஊர் நியாயமோ!

இத்தனைக்கும் அவள் வீட்டிலேயே கிடக்கிறவள் இல்லை. பாலோ என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பதினெட்டு வயசில் பெக்டரி பஸ் ஏறியவள். இன்றைக்கு மின்சாமான் தொழிற்சாலையில் ஒரு வரிசைக்கே தலைவி. அங்கே அவளுடைய உதிரிச் சாமான் தட்டை அவளைக் கேட்காமல் ஒருத்தரும் தொடமாட்டார்கள். சூப்பர்வைசர்கூட "காக், போலே?" என்று, அக்கா எடுக்கலாமா என்று மலாயில் கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார். அப்படிப்பட்டவள் வருஷத்தில் ஒரு நாள் சம்பள லீவு போட்டுக்கொண்டு, சமையலறைத் தரையில் குந்தி உட்கார்ந்து, புருஷனின் புண்ணியத்துக்காக நண்டுத் தண்ணியைத் துடைக்கிறாள்.

சுத்தம் பண்ணுகிறதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். முதல் வேலையாகத் தன்னுடைய இன்சுலினை எடுப்பாள். ஒரு வாளியில் ஐஸைப் போட்டு, அதன் மேல் துண்டை மடித்து வைத்து, துண்டுக்கு மேலேதான் மருந்துப் பெட்டி. ஐஸ் மருந்தில் படக்கூடாது, பட்டால் கெட்டுப்போகும். அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். கவுச்சிச் சாமான் மொத்தத்தையும் பைகளில் கட்டி, பக்கத்து வீட்டு முபீனாவின் பெரிய ஃப்ரீசருக்கு அனுப்புவாள். முபீனா சமோசா உருட்டிக் கடைகளுக்குப் போடுகிறவள். வருஷா வருஷம் சந்திரமதி வீட்டு ஆட்டுக்கால் பொரட்டாசி கழிகிற வரைக்கும் சமோசாக்களோடு தூங்கும்.

இந்த வருஷமும் அதெல்லாம் முடிந்த பிறகு சுவிட்சை அடைத்து, கண்ணாடித் தட்டுகளைக் கழற்றி, ஜில்லென்று இருக்கும்போது சுடுதண்ணி படாமல் குளிர் தணியவிட்டு, வெதுவெதுப்பான தண்ணியில் ஆப்பச்சோடா கரைத்துத் தேய்த்தாள். சோப்புப் போடமாட்டாள், போட்டால் அந்த வாசம் பாலில் ஏறிக்கொள்ளும். கதவு ரப்பரின் மடிப்புக்குள் பழைய பல்துலக்கி. பின்பக்கம் தண்ணி வடிகிற ஓட்டைக்குள் சத்தே இறைச்சி கோக்கிற குச்சி. போன மாசத்து டுரியான் வாடைக்கு ஒரு கிண்ணம் காப்பித்தூள். கடைசியில் ஈரம் போகத் துடைத்து, கதவைத் திறந்து காயவிட்டு, சுவிட்சைப் போட்டு, ஜில்லானதும் மருந்துப் பெட்டியை நடுத்தட்டில் வைத்தாள். அந்தப் பெட்டி இருந்தால்தான் அவள் இருப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊசி வேண்டாமென்று பாகற்காய்ச் சாறு குடித்துத் திரிந்தபோது, மெஷினுக்கும் மெஷினுக்கும் நடுவில் சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார், "ஊசிய விட்டா உயிர விட்ட மாதிரி."

சபாபதியின் தங்கை பிரேமலா பெக்கான் நானாஸிலிருந்து காலையிலேயே வந்து இறங்கியிருந்தாள். பொரட்டாசி முதல் வாரம் அண்ணன் வீட்டில்தான். ஆச்சாரத்தில் அண்ணனுக்கு ஒரு படி மேல். வேலை நடந்த நேரமெல்லாம் கைத்தொலைபேசியில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவள், எல்லாம் முடிந்ததும் எழுந்து வந்து ஐஸ்பெட்டிக்குள் மூக்கை நீட்டினாள்.

"அண்ணி, அந்த ஓரத்துல இன்னும் லேசா வாடை வருதே."

"உன் மூக்குல வருது," என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சந்திரமதி விழுங்கிக்கொண்டாள். நல்ல நாளும் அதுவுமாக வேண்டாம். குளித்துவிட்டு வந்து இடுப்பைக் கட்டிலில் போட்டாள். கண் சொருகிவிட்டது.

எழுந்தபோது நாலு மணி இருக்கும். கையிலிருந்த இன்சுலின் ஊசிப் பேனா காலையோடு காலி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டியதற்குப் புதுசு ஒன்றை எடுத்துக் குளிர் தணிய வெளியே வைக்கலாமென்று ஐஸ்பெட்டியைத் திறந்தாள். நடுத்தட்டில் பித்தளைச் செம்பில் பால். பக்கத்தில் வெண்ணெய், துளசி. மருந்துப் பெட்டியைக் காணோம். மேல் தட்டில் இல்லை, கீழே காய்கறிக் கூடையில் இல்லை, கதவில் இல்லை.

"என்னங்க, என் மருந்து எங்க?"

சபாபதி தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதா... பத்திரமாத்தான் இருக்கு. முபீனா வீட்டுல."

"முபீனா வீட்டுலயா? அங்க எதுக்கு?"

பதில் பிரேமலாவிடமிருந்து வந்தது. "அண்ணி, கோவிச்சிக்காதீங்க. அந்த மருந்து பன்னியிலருந்து எடுக்கிறதாம். வீடியோ வந்துச்சு. பெருமாளுக்கு வைக்கிற பாலும் அதுவும் ஒரே தட்டுலயா? அதான் அண்ணன்கிட்டச் சொன்னேன்."

"முபீனா வீட்டுல எங்க வச்சீங்க?" இது புருஷனிடம்.

"எங்கன்னா? வருஷா வருஷம் வைக்கிற இடத்துலதான். ஃப்ரீசர்ல."

சந்திரமதி காலில் செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

முபீனா மாவுக் கையோடு வந்து ஃப்ரீசரைத் திறந்தாள். பைகளைப் புரட்டினாள். மீன் பைக்கு அடியில், ஆட்டுக்காலுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி. வெளியே எடுத்தபோது அட்டையில் வெள்ளையாக உறைபனி. உள்ளே அத்தனை பேனாவிலும் மருந்து கட்டியாக நின்றது.

"அல்லாவே! அக்கா, அது என்னன்னு எனக்குத் தெரியாது. பையக் கட்டிக் கொண்டாந்து குடுத்தாரு அண்ணன். கவுச்சி மிச்சம்னாரு. அப்படியே போட்டுட்டேன்."

கவுச்சி மிச்சம்! அவள் உயிரைப் பிடித்து வைத்திருக்கிற பொருளுக்கு அந்த மனுஷன் வைத்த பேர் அது. எழுப்பி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த அறையில்தானே படுத்திருந்தாள்? பத்து அடி நடந்து, "இத எடுக்கலாமா?" என்று கேட்டால் தேய்ந்தா போய்விடுவார்?

"பன்னின்னா சொன்னாங்க?" முபீனாவுக்கும் கோபம் வந்துவிட்டது. "மூவார்ல எங்க உம்மா இதேதான் போட்டுக்கிறாங்க. பன்னின்னா நாங்க போடுவமா? இப்பல்லாம் ஏதோ கிருமிய வச்சி பெக்டரில செய்றதுன்னு உம்மாவோட டாக்டரே சொன்னாரு. நான் வந்து சொல்லவா?"

"நீ சொல்லி என்ன ஆகப் போவுது? நான் போறேன்."

சபாபதி வாசலில் நின்றிருந்தார். பெட்டியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"வெளிய வச்சா உருகிடும்ல? உருகுன பெறகு போட்டுக்க. கோழிய எடுத்து வெளிய வச்சித்தானே சமைக்கிற?"

"நான் கோழியாங்க?" அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுச் சீனப் பாட்டி சன்னலைத் திறந்தாள். "ஒருதரம் கட்டிப்போனா அது மருந்தே இல்ல, வெறும் தண்ணி! அதப் போட்டா சுகர் ஏறி மறுபடி விழுவேன். விழுந்தா இந்தத் தடவ எந்திரிப்பேனான்னு தெரியாது. காடிய எடுங்க. கிளினிக் மூடப் போறான்!"

வழி நெடுக எண்ணெய் டாங்கர் லோரிகள் காரை மறித்தன. ஒவ்வொரு சிகப்பு விளக்கிலும் அவள் மணியைப் பார்த்தாள். அவர் ஒரு தடவை, "இடத்தத்தானே மாத்துனேன், இதுக்குப் போயி..." என்று ஆரம்பித்தார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

அரசாங்கக் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் சன்னலை இழுத்துச் சாத்துகிற நேரம். உள்ளே இருந்தவள் சின்ன வயசு மலாய்ப் பெண். பெட்டியைத் திறந்து பார்த்ததுமே அவள் புருவம் ஏறியது. யார் இதை ஃப்ரீசரில் வைத்தது என்று மலாயில் கேட்டாள்.

சபாபதி முந்திக்கொண்டார். "இஸ்தெரி சாயா. டியா தா தாவு."

என் சம்சாரம்தான், அவளுக்குத் தெரியாது என்கிறார்! கூசாமல், முகத்தில் ஒரு சிரிப்பையும் ஒட்டவைத்துக்கொண்டு சொல்கிறார். அந்தப் பெண் உடனே சந்திரமதி பக்கம் திரும்பி, ஆன்ட்டி, எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறோம், இப்படியா அரசாங்க மருந்தை வீணாக்குவது என்று பிள்ளையைத் திட்டுவது மாதிரி திட்டத் தொடங்கினாள். பின்னால் நாற்காலியில் காத்திருந்தவர்களெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

சந்திரமதிக்குக் காதில் ஒரு நிமிஷம் எதுவும் விழவில்லை. மருந்து போனது ஒரு பக்கம். வாளி ஐஸில் துண்டை மடித்து வைத்து அதைக் காப்பாற்றியவள் அவள். தெரியாது என்கிறாரே! இருபத்து நாலு வருஷமாக மாமியாரிடம், மகனின் பள்ளிக்கூடத்தில், சொந்தக்காரர்கள் நடுவில், இவர் பண்ணுகிற கூத்துக்கெல்லாம் அவள் தலையைக் குனிந்து கொடுத்திருக்கிறாள். வீட்டு மானம் வெளியே போகக்கூடாதென்று. இன்றைக்குக் குனிய முடியவில்லை.

"சாயா தாவு," என்றாள். எனக்குத் தெரியும். குரல் கிளினிக் கோடி வரைக்கும் போனது. "வச்சது நான் இல்ல, மிஸி. இவரு. நான் தூங்கிக்கிட்டிருந்தப்ப, என்னைக் கேக்காம எடுத்துட்டுப் போயி மீனோட போட்டாரு. இப்ப உங்ககிட்டப் பொய்யும் சொல்றாரு." இதைத் தமிழில் ஒரு தடவை, மலாயில் ஒரு தடவை. நாற்காலியில் இருந்த தமிழர்களும் மலாய்க்காரர்களும் ஆளுக்கொரு தடவை சபாபதியைப் பார்த்தார்கள். அவர் நாமம் போடுகிற நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் பிறகு உள்ளே போய் யாரையோ கேட்டு, இப்போதைக்கு என்று ஒரே ஒரு பேனா கொண்டுவந்தாள். மிச்சத்துக்கு டாக்டரைப் பார்க்கணும் என்றாள். ஆனால் பேனாவைச் சந்திரமதியிடம் நீட்டவில்லை. சபாபதியைக் கூப்பிட்டாள். ஃப்ரீசரில் வைக்கக்கூடாது, பின்சுவரில் ஒட்டக்கூடாது, கதவில் வைக்கக்கூடாது, நடுத்தட்டுதான் என்று விரல் விட்டுச் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்ல வைத்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனுஷன் முதலாம் வகுப்புப் பையன் மாதிரி ஒப்பித்தார். சந்திரமதிக்கு அதில் ஒரு சொட்டு சந்தோஷமும் வரவில்லை. கோபம் அப்படியேதான் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது பிரேமலா ஐஸ்பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டுக் காவல் இருந்தாள். "அண்ணி, இந்த ஒரு மாசம் வெளிய எங்கயாவது..."

"எந்திரி."

பிரேமலா எழுந்துவிட்டாள். அப்படிப்பட்ட குரலை அவள் அந்த வீட்டில் கேட்டதே இல்லை.

"நீங்களே வைங்க," என்றாள் சந்திரமதி புருஷனிடம்.

அவர் கதவைத் திறந்தார். ஒரு பக்கம் தங்கை, ஒரு பக்கம் பெண்டாட்டி. பேனாவைச் சத்தமில்லாமல் கதவுத் தட்டில் செருகப் பார்த்தார்.

"மிஸிகிட்ட என்ன ஒப்பிச்சீங்க?"

செம்பை நகர்த்தினார். பாலுக்குப் பக்கத்தில், துளசியை ஒட்டி, பேனாவை வைத்தார். பிரேமலா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவர் கதவைச் சாத்தவும் மனசில்லாமல் நின்று, "சாமி கோவிச்சிக்குமோ?" என்றார், யாரிடம் கேட்கிறோம் என்றே தெரியாமல்.

"கோவிச்சா நேரா என்கிட்ட வரச் சொல்லுங்க. இருவத்தி நாலு வருஷமா உங்க கோவத்தத் தாங்குனவ நான். பெருமாள் கோவத்தயும் நானே பாத்துக்கிறேன்."

அவள் போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். கையை மேசைமேல் நீட்டி வைத்துக்கொண்டாள். ஏழு மணி ஆகப்போகிறது. வழக்கமாக இந்த நேரத்துக்கு இரண்டு கறி இறங்கியிருக்கும்.

"ஊசி போட்டா உடனே சாப்பிடணும். சோறு தட்டுல வந்தாத்தான் போடுவேன். ஆக்குங்க."

அண்ணனும் தங்கையும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பிரேமலாவுக்கு இங்கே விருந்தாளி என்கிற நினைப்பு. சபாபதி மெல்ல அடுப்படிக்குள் நுழைந்தார். ஒரு கதவைத் திறந்தார், மூடினார். இன்னொன்றைத் திறந்தார். பானை ஒன்று உருண்டு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"அரிசி எங்க இருக்கு?"

"தேடுங்க," என்றாள் சந்திரமதி. "என் பொருள என்னைக் கேக்காம எடுக்கத் தெரிஞ்சவருக்கு அரிசியக் கண்டுபிடிக்கிறது பெரிய காரியமா?"