என் குட்டையில் நூல் போட்டவன்

என் மச்சான் என் மீன்களுக்குத் திருட்டுத்தனமாகப் பிளாஸ்டிக் ஊட்டுகிறார் என்று நான் நம்பினேன். யாரும் வந்து சொல்லவில்லை. நானே யோசித்து, நானே தீர்ப்பும் எழுதி, மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நம்பினேன்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்கள் கரிசல்காட்டில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டி, கட்லாவும் ரோகுவும் விட்டிருந்தேன். மச்சான் என் மனைவியின் அண்ணன். செம்மறி வைத்திருக்கிறார். பக்கத்துப் புஞ்சையில்தான் அவருடைய கிடை. கோடையில் அவர் ஆடுகள் தண்ணீர் குடிப்பது என் குட்டையில். குடித்துவிட்டுப் போக வேண்டியதுதானே? டீக்கடையில் வைத்துச் சொன்னார்:

"நம்ம மாப்ள கரிசல்ல கடல் வளக்காரு. அடுத்த வருசம் கப்பல் வரும். இப்பமே டிக்கெட் எடுத்து வச்சுக்கிடுங்க."

கடையே சிரித்தது. இந்த ஊரில் ஆட்களைச் சிரிக்க வைக்கிற உத்தியோகம் என்னுடையது. என்னை வைத்தே அதை இன்னொருவர் பார்த்தால் எப்படி மன்னிப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி குழம்புக்கு மீன் அறுத்துக்கொண்டிருந்தவள் கூப்பிட்டாள். "இங்க வாங்க. ஒங்க மீனு நூலு முழுங்கியிருக்கு."

குடலுக்குள் வெள்ளை வெள்ளையாக இழைகள். செல்போனில் தேடினேன். நுண்நெகிழி என்றார்கள். கண்ணில் படும் இழையாவது பரவாயில்லை, அது நைந்து நைந்து கண்ணுக்கே தெரியாத துகளாகி மீனுக்குள்ளும், மீனைத் தின்றவனுக்குள்ளும் போய்விடும் என்றார்கள். வாரம் தவறாமல் தின்றவன் நான். என்னை எரித்தால் பழைய பிளாஸ்டிக் வாளி எரிகிற நாற்றம்தான் வரும் என்று தோன்றியது.

"வயித்த என்ன தடவிக்கிட்டே இருக்கீய? மாசமா இருக்கீயளா?" என்றாள்.

பயம் கொஞ்ச நேரத்தில் கோபமானது. கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டும். மச்சானின் கிடையைச் சுற்றி நைலான் வலை கட்டியிருக்கும். அதுவும் வெள்ளை. அது போதாதா? பழைய வலையைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஆடு குடிக்கும்போது மடியிலிருந்து எடுத்துத் தூவுகிறார். அவர் தூவுகிற கையைக்கூட நான் மனக்கண்ணில் பார்த்துவிட்டேன்.

மறுநாள் குட்டையைச் சுற்றி உடைமுள்ளை வெட்டிப்போட்டு அடைத்தேன். ஆடுகள் வந்து முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்று தண்ணீரையே பார்த்தன. மச்சானும் வந்து நின்றார்.

"என்ன மாப்ள இது? ஆடு தண்ணிக்கு எங்க போவும்?"

"கப்பல் வரும்லா மச்சான், அதுல ஏத்தி அனுப்பும்."

அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு ஆடு நெறசினையா நிக்கு. கம்மா வரைக்கும் நடக்காதுய்யா."

"நடக்கும்" என்றேன். சொன்னபோது அவ்வளவு இனிப்பாக இருந்தது. கடலைமிட்டாயைக் கடித்த மாதிரி.

அன்றைக்கே டீக்கடையில் சபதமும் போட்டேன். "குட்டையில நூலு போட்டவன் எவனா இருந்தாலும் சரி, அவன அந்த மீனையே கொழம்பு வச்சுத் திங்க வைக்கேன், பாருங்க."

பாவம் என் மீன்கள், ஒரு சதிகாரனிடம் மாட்டிக்கொண்டன என்று அவற்றுக்குத் தீனியைக் கூட்டினேன். கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் பழைய உரச்சாக்கில் கட்டி, அடியில் ஓட்டை போட்டு, கம்பில் தண்ணீருக்குள் தொங்கவிடுவது வழக்கம். மீன்கள் வந்து ஓட்டையில் வாய் வைத்து உறிஞ்சும். எங்கள் பக்கம் இது சிக்கனமான முறை. முன்பு ஒன்றிரண்டு சாக்கு தொங்கிய இடத்தில் இப்போது வரிசையாகத் தொங்கின.

அடுத்த ஞாயிறு குட்டைக் கரையிலேயே வைத்து மீனை நானே அறுத்தேன். இழைகள் முன்பைவிட அதிகம். ஆடும் வரவில்லை, மச்சானும் வரவில்லை. பின்னே எப்படி? காக்கையைப் பழக்கி அனுப்புகிறாரோ என்று வானத்தை அண்ணாந்து பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

மீன்களைத் தேற்றுவதற்காக இன்னும் கொஞ்சம் புண்ணாக்குப் போடலாம் என்று தண்ணீரில் இறங்கி ஒரு சாக்கைப் பிடித்துத் தூக்கினேன். தூக்கிய இடம் கையோடு வந்துவிட்டது. வெயிலில் கிடந்து இற்றுப்போன பிளாஸ்டிக் சாக்கு. விரலில் வெள்ளை இழைகள் ஒட்டியிருந்தன. ஓட்டையைச் சுற்றி மீன்கள் கடித்துக் கடித்து, நூல் நூலாகப் பிரிந்து தொங்கியது. கரையில் வைத்திருந்த மீன்குடலிலிருந்து ஓர் இழையை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒன்றுதான்.

குட்டையை அடைத்த முள்ளைப் பிரித்து இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது மச்சான் கண்மாய்ப் பக்கமிருந்து ஆடுகளோடு வந்தார். மந்தையில் சினையாடு ஒன்றுதான் நடந்து வந்தது.

"இன்னொண்ணு எங்க மச்சான்?"

"வழியிலயே படுத்துட்டு. குட்டி உள்ளயே செத்துப்போச்சு. ஆட்டயும் காப்பாத்த முடியல." என் கையில் இருந்த முள்ளைப் பார்த்தார். "நூலு போட்டவன் ஆப்ட்டானா?"

"ஆப்ட்டான்."

"யாரு?"

மச்சான் என் குட்டையில் ஒரு துரும்பைக்கூடப் போடவில்லை. மீன்கள் தின்றது நான் தொங்கவிட்ட உரச்சாக்கை. அந்த மீனைக் குழம்பு வைத்துத் தின்றதும் நான்தான். ஆடு செத்தது நான் அடைத்த முள்ளால்.