அவிழ்த்துவிட்ட வேட்டி

கொட்டாரம் ஊரில் காக்கி அரைக்கால்சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் ஆபேல்தான். சேர்ச்சுக்கும் கல்யாணத்துக்கும் வேட்டி, மில்லுக்கு மட்டும் கால்சட்டை. முப்பது வயது ஆண்பிள்ளை, பள்ளிக்கூடத்துப் பையனைப்போல் போவதைப் பார்த்து ஊரே சிரித்தது. காரணம் தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள்.

1934-இல் சிவதாணு பிள்ளையின் நெல் மில்லில் தங்கப்பன் என்பவனின் வேட்டியை எஞ்சின் பெல்ட் சுற்றி இழுத்துவிட்டது. வலது கால் முழங்காலோடு போயிற்று. இன்னொருவனுக்கு அடிபட்டால் மில்லைப் பூட்டுவோம் என்று திருவனந்தபுரத்திலிருந்து சர்க்கார் காகிதம் வந்தது. பிள்ளை உடனே மிஷன் பள்ளியில் படித்த ஆபேலைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். என்ன வேலை? யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரு மாதம் பார்ப்பாராம், சரிப்படாவிட்டால் அனுப்பிவிடுவாராம். அந்த வேலைக்குப் பெயர்கூடக் கிடையாது. மில் ஆட்கள்தான் ‘பாத்துக்கோ ஆபேல்’ என்று ஒன்றை வைத்தார்கள்.

ஆபேல் பயந்தாங்கொள்ளி. அந்த வேலைக்கு அதுவே தகுதி என்பது என் எண்ணம். பெல்ட் அறைக்குள் கால் வைக்குமுன் ஒரு தடவை ஜெபம் பண்ணுவான், வீட்டுக்கு வந்தால் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்துவிடுவான். மனைவி சத்தியபாய்க்கு ஏழாம் மாதம், அவளிடம் எதையும் சொல்ல மாட்டான்.

முதல் வாரமே சுசீந்திரத்துக்குப் போய், வீட்டோடு கிடந்த தங்கப்பனைப் பார்த்தான். பத்து வருடமாக வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி வேலை செய்தவன். அன்றைக்கு மட்டும் துணி எப்படித் தரையில் புரண்டது?

“மொதலாளி வந்தாருல்லா,” என்றான் தங்கப்பன், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல. “மடிச்சுக் கெட்டிட்டா நிப்பேன்? அவுத்து விட்டேன்.”

ஆபேலுக்கு விளங்கிவிட்டது. பெரியவர்களைக் கண்டால் மடித்த வேட்டியை இறக்கிவிட நம் ஊரில் யாரும் யோசிப்பதில்லை, கை தானாகப் போகும். அப்படியானால் மில்லில் ஆபத்து பெல்ட் அல்ல, முதலாளி உள்ளே வருவதுதான். இதை முதலாளியிடம் யார் போய்ச் சொல்வது?

ஆபேல் சொல்லவில்லை. கோழைத்தனம்தான், மழுப்புவதற்கில்லை. தன் வேட்டியை முழங்காலுக்கு மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆட்களிடம் சொல்லிப் பார்த்தான். “பெல்ட் ரூமில யாரு வந்தாலும் வேட்டிய எறக்கப்பிடாது.”

“மொதலாளிக்கு முன்ன தொடையக் காட்டிட்டு நிக்கச் சொல்லுதியா?” என்று சிரித்தான் எஞ்சின்காரன் கோலப்பன். “நாளைக்குச் சோத்துக்கு உனக்க வீட்டுக்கா வருவேன்?”

அதன்பிறகு பிள்ளை வரும்போதெல்லாம் ஆபேல் முன்வாசலிலேயே மறித்து, நெல் ஈரம், கூரை ஒழுகல் என்று எதையாவது பேசி அவரைத் திருப்பி அனுப்பினான். பத்தொன்பது நாள் இப்படி ஓடியது.

இருபதாம் நாள் பிள்ளை பின்வாசல் வழியாக வந்துவிட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் கோலப்பன், இந்தப் பக்கம் ஆபேல். கோலப்பனின் கை இடுப்புக்குப் போயிற்று.

“அவுக்காத! கோலப்பா, அவுக்காத!” என்று ஆபேல் அலறினான். “மொதலாளி, நீங்க வெளிய போங்க!”

கோலப்பனின் கை அப்படியே நின்றது. பிள்ளையின் முகம் கறுத்தது. விறுவிறுவென்று வெளியே போனார்.

வேலை போயிற்று என்று ஆபேலுக்குத் தெரிந்துவிட்டது. இனி மறைத்து என்ன பயன்? பின்னாலேயே போய், தங்கப்பன் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னான்.

பிள்ளை ஒரு நெல்மூட்டையின்மேல் உட்கார்ந்தார். “அப்பம் அவனுக்க காலு எனக்க மரியாதைக்கா போச்சு?”

“ஆமா மொதலாளி.”

மூட்டையை விட்டு எழுந்து வாசல்பக்கம் நடந்தார். பிறகு, “நாளைக்கு வெளிய ஒரு மணி கெட்டு. நான் மணியடிச்சிட்டு அங்கயே நிக்கேன்,” என்றார்.

நாளைக்கு! வேலை போகவில்லை. ஆபேல் துள்ளாத குறையாக உள்ளே வந்தான். எஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்த கோலப்பன் சிரிக்கவில்லை.

“எனக்கிட்ட அவுக்காதன்னு சொன்னியே, உனக்க காலப் பாத்தியா?”

ஆபேல் குனிந்து பார்த்தான். அவனுடைய வேட்டி கணுக்காலில் கிடந்தது. எப்போது அவிழ்த்துவிட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. வேட்டியின் ஓரத்தில் பெல்ட்டின் கறுத்த மசகு ஒரு விரல் நீளத்துக்கு உரசியிருந்தது.

சத்தியபாயிடம் அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. வேட்டியைத் தானே துவைத்தான், கறை போகவில்லை. சனிக்கிழமை நாகர்கோவிலுக்குப் போய்க் காக்கித் துணி எடுத்தான்.