லிட்டருக்கு இரண்டு ஓடு

அம்மா முட்டை விற்றாள். பதினான்கு வருடம் ஒரு சின்ன இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளில். அதற்குப் பிறகு பதினொரு வருடம், காலால் மிதிக்கிற மூன்று சக்கர வண்டியில். ஐந்து வாரத்துக்கு முன்பு ஓர் ஏற்றத்தில் மிதித்துக்கொண்டிருந்தவளுக்கு நெஞ்சு நின்றுவிட்டது. வயது ஐம்பத்தொன்று. வண்டி பின்னால் உருண்டு சுவரில் முட்டி நின்றது. அட்டைகளில் இருந்த முட்டைகளில் ஏழுதான் உடைந்திருந்தன. நான் எண்ணினேன். அன்றைக்கு எனக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். "பாவம், மோட்டார் வண்டி ஜாம் ஆகாம இருந்திருந்தா இந்த வயசுல மிதிச்சிருப்பாளா? புருஷன் காலும் அதுலதானே போச்சு."

அவள் பாவப்பட்டவள் இல்லை. ஒரு சாப்பாட்டுக் கடைச் சமையல்காரர் முட்டையைத் தூக்கிப் பார்த்து, "என்னம்மா இன்னிக்கு இவ்வளவு சின்னதா இருக்கு?" என்றார் ஒருமுறை. "நானாய்யா போட்டேன்? கோழியைப் போய்க் கேளு" என்றாள். பன்னிரண்டு அட்டை முட்டையைப் பழைய டியூபைக் கிழித்த ரப்பர் பட்டையால் கட்டி, குண்டும் குழியுமான தெருக்களில் ஓட்டுவாள். கார்புரேட்டரைத் தானே கழற்றி ஊதிச் சுத்தம் செய்வாள். மெக்கானிக் கடையில் அவளைக் கண்டால், "டாக்டர் வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிங்கடா" என்பார்கள்.

அப்பா மர அறுவை மில்லில் இருந்தார். நாள் முழுக்க மரத்தைப் புரட்டித் தள்ளிய கை. அந்தக் கையோடு வீட்டுக்கு வருவார். குழம்பு ஆறிப்போயிருந்தால் அடி, சூடாயிருந்தால் அடி. ஒருநாள் அடுக்கி வைத்திருந்த முட்டை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவசரமே இல்லாமல், தரையில் கவிழ்த்தார். முழங்கால் வரை மஞ்சள் தெறித்தது. அம்மாவின் தலைமுடியைப் பிடித்து அதில் அழுத்தினார். அவள் அவருடைய கட்டைவிரலைக் கடித்தாள். விடவில்லை. மறுநாள் மில்லில் கட்டுக்குக் காரணம் கேட்டபோது ரம்பம் பட்டுவிட்டது என்றாராம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். உதடு கிழிந்திருந்ததால் ஒரு பக்கமாகச் சிரித்தாள்.

எனக்குப் பதினாறு வயதில் அது நடந்தது. அப்பா என்னவோ கேட்டார், நான் எதிர்த்துப் பேசினேன். இடது பக்கம் அறைந்தார். காதுக்குள் ஏதோ கிழிந்தது. கழுத்து வழியாகச் சட்டைக்குள் ரத்தம் இறங்கியது. அம்மா முற்றத்தில் அட்டை கட்டிக்கொண்டிருந்தவள், உள்ளே வந்து என் சட்டையைப் பார்த்தாள். திரும்பிப் போனாள். அப்பா அதற்குள் வாசலைத் தாண்டிச் சந்தில் நடந்துகொண்டிருந்தார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அப்புறம் அப்பாவின் அலறல். நான் வெளியே போய்ப் பார்த்தபோது அவர் சந்தில் கிடந்தார். வலது முட்டி பின்பக்கமாக மடங்கியிருந்தது. அம்மா வண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். வண்டி ஓடவில்லை.

மருத்துவமனையில் போலீஸ்காரரிடம் அப்பாவே சொன்னார். "என்ஜின் ஜாம் ஆகிடுச்சு சார். பெட்ரோல்ல ஆயில் கலக்கலை. பின்சக்கரம் பூட்டிக்கிட்டு வண்டி சறுக்கி என் மேல வந்திடுச்சு."

அந்த வண்டிக்கு ஆயிலைத் தனியாக ஊற்ற முடியாது. பெட்ரோலிலேயே கலக்க வேண்டும். கலக்காமல் ஓட்டினால் சிலிண்டருக்குள் பிஸ்டன் வறண்டு தேய்ந்து, உருகி ஒட்டிக்கொள்ளும். ஓடுகிற வண்டி அப்படியே பூட்டிக்கொள்ளும். அப்பா சொன்னது நடக்கக்கூடியதுதான்.

எங்கள் வீட்டில் ஆயில் கலக்குவது என் வேலை. பத்து வயதிலிருந்து. எங்களிடம் அளவுக் குவளை கிடையாது. உடைந்த முட்டையின் பாதி ஓடுதான் அளவு. லிட்டருக்கு இரண்டு ஓடு. பின்னாளில் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் ஓர் ஓட்டைத் தண்ணீர் ஊற்றி அளந்தேன். இருபது மில்லி. இருபத்தைந்துக்கு ஒன்று. அம்மாவின் கணக்கு அவ்வளவு சுத்தம்.

அன்று காலை ஊற்றினேனா என்று எனக்கு நினைவில்லை. தினமும் செய்கிற வேலை எந்த ஒரு நாளிலும் நினைவில் தங்குவதில்லை. கட்டிலில் கிடந்தபடி அப்பா கேட்டார்.

"ஊத்துனியா, இல்லையா?"

"தெரியலைப்பா."

"ஊத்தலை."

அதோடு முடிந்தது. அதற்கப்புறம் மழை வந்து முட்டி வலித்தால் என்னைக் காட்டி, "எல்லாம் மகாராணி புண்ணியம்" என்பார். மாடிப்படி ஏற முடியாவிட்டால் என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். பதினொரு வருடம். அம்மா மட்டும் நான் தனியாக இருக்கும்போது வந்து, "நீ ஊத்துன. எனக்குத் தெரியும்" என்பாள். பெற்றவள் வேறென்ன சொல்வாள் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் இப்போது பம்பு செய்கிற ஆலையில் அதிர்வு அளக்கிறேன். ஓடுகிற இயந்திரத்தின் மேல் உணரியை வைத்தால், எந்த பேரிங் சாகப் போகிறது என்று திரையில் தெரிந்துவிடும். எனக்கு ஒரு காதுதான். இயந்திரம் என் சார்பில் கேட்டுக்கொள்கிறது.

மோட்டார் சைக்கிள் பின்கட்டில், தகரக் கொட்டகையில் கிடந்தது. அம்மா யாரையும் தொட விட்டதில்லை. அவள் போன ஐந்தாவது வாரம் அப்பா இரும்புக் கடைக்காரரைக் கூட்டி வந்தார்.

"சும்மாவே எடுத்துக்கய்யா."

இரும்புக் கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "சும்மா குடுக்கிறீங்கங்கறதுதான் பயமா இருக்கு. உள்ள பாம்பு கீம்பு இருக்கா?"

"ஜாம் ஆன வண்டிய்யா அது. செத்த பொணம்."

"சனிக்கிழமை வண்டி கொண்டாறேன்."

அவர் போனதும் நான் சொன்னேன். "அப்பா, அதை நான் ரிப்பேர் பண்ணப் போறேன்."

"எதுக்கு?"

"பாக்கணும்."

"என்னத்தடி பாக்கணும்? நீ பண்ணுனதையா?"

"ஆமா. அதைத்தான்."

கைத்தடியால் தோளில் அடித்தார். கால் போன பிறகு அவர் யாரையும் அடித்ததில்லை. முட்டி உடைந்ததோடு கோபமும் உடைந்துவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரண்டாவது அடிக்குத் தடியைப் பிடித்துக்கொண்டேன். இழுத்தார். வரவில்லை. அவருடைய பலத்தில் பாதி என்னிடம் எப்போதோ வந்து சேர்ந்திருந்தது. இருவருக்கும் அன்றுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை கொட்டகையைத் திறந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சிலிண்டரைக் கழற்றினால் தெரிந்துவிடும். எண்ணெயில்லாமல் பூட்டிய பிஸ்டனில் நீளவாக்கில் கீறல்கள் இருக்கும், அலுமினியம் இழுபட்டுப் போயிருக்கும். இருந்தால் நான் ஊற்றவில்லை. அப்பாவின் முட்டி, அம்மா மிதித்த பதினொரு வருடம், கடைசி ஏற்றம், எல்லாம் என் கணக்கில்.

முதலில் கண்ணில் பட்டது வேறு. வண்டி செங்கல் மேல் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. சக்கரங்கள் தரையைத் தொடவில்லை. சைலன்சர் வாயில் எண்ணெய்த் துணி அடைத்திருந்தது. டேங்க் வடிக்கப்பட்டு வறண்டு கிடந்தது. கார்புரேட்டர் கிண்ணமும் காலி. பிளக்கைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தேன். எண்ணெய் மினுமினுத்தது.

செத்த என்ஜினுக்கு யாரும் இப்படிச் செய்வதில்லை. திரும்ப ஓட்டப் போகிறவர்கள்தான் செய்வார்கள்.

ஸ்பேனர் இரண்டு முறை நட்டிலிருந்து வழுக்கி, விரல் முட்டி பிய்ந்தது. ஹெட்டைத் தூக்கினேன். சிலிண்டரை மெதுவாக உருவினேன். பிஸ்டன் வெளியே வந்தது. துணியால் துடைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சைலன்சர் பக்கம்தான் முதலில் பூட்டும், அங்கே விரலால் தடவினேன். நகத்தால் சுரண்டினேன். ஒன்றுமில்லை. வழவழப்பு. வளையங்கள் அழுத்தினால் உள்ளே போய் வெளியே வந்தன.

இந்த என்ஜின் ஒருநாளும் ஜாம் ஆனதில்லை.

ரொம்ப நேரம் கழித்துத்தான் இரண்டாவது கேள்வி வந்தது. ஜாம் ஆகவில்லை என்றால் வண்டி எப்படி அவர் மேல் ஏறியது? பதில் எனக்குத் தெரிந்திருந்தது. அதை அவர் வாயால் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை முழுக்க வேலை. டேங்குக்குள் பழைய சங்கிலித் துண்டைப் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தேன். கேஸ்கட் தாளில் புதிதாக ஒன்று வெட்டினேன். பிளக்கில் பொறி வரவில்லை. பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவில் பாயிண்ட் துருப் பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்ததும் நீலமாக ஒரு பொறி வந்தது. இரண்டு டியூபையும் மாற்றி, செங்கல்லிலிருந்து இறக்கினேன். அப்பா அன்று முழுக்கப் பின்கட்டுப் பக்கம் வரவில்லை. அறைக்குள் வானொலி மட்டும் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை ஒரு முட்டையை உடைத்து ஓட்டைக் கழுவினேன். அரை லிட்டர் பெட்ரோல், ஓர் ஓடு ஆயில். குலுக்கி ஊற்றினேன். ஒன்பதாவது உதையில் பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்க நீலப் புகை. தகரம் அதிர்ந்தது. என்ஜினை அணைக்காமலே வண்டியை முற்றத்துக்குத் தள்ளி வந்தேன்.

அப்பா தடியோடு வந்தார். முன்விளக்கின் மேல் ஓங்கி அடித்தார். கண்ணாடி என் புறங்கையில் தெறித்தது. இரண்டாவது அடி டேங்கில். மூன்றாவதுக்குத் தடி ஓங்கும்போது நான் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினேன்.

தடி கீழே விழுந்தது. அப்பா பின்னால் நகர்ந்து சுவரில் ஒட்டிக்கொண்டார். இரண்டு கைகளும் கழுத்தை மறைத்தன. முட்டியை இல்லை, கழுத்தை.

"அணைடி."

நான் ஏறி உட்கார்ந்தேன். கியரைப் போட்டேன். முன்சக்கரம் அவருக்கு நேராக இருந்தது. இடது கையின் நான்கு விரல்கள் கிளட்சைப் பிடித்திருந்தன. விட்டால் போதும். விடலாமா என்று உண்மையிலேயே யோசித்தேன்.

"ஜாம் ஆகலையாப்பா?"

"அணைன்னு சொல்றேன்ல!"

"என்ன நடந்துச்சு?"

அவர் சக்கரத்தைப் பார்த்தே பேசினார். "பின்னாடியிருந்து வந்து ஏத்துனா. விழுந்துட்டேன். போயிட்டான்னு நினைச்சேன். சந்து முனையில வண்டியைத் திருப்புனா. திரும்பி வந்தா. சக்கரம் இங்க வந்து நின்னுச்சு." கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "இன்னொரு தடவை பிள்ளை மேல கை வெச்சா நிக்காதுன்னா. அப்புறந்தான் அணைச்சா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? மாசத்துக்கு ஒருக்கா கொட்டகைக்குப் போவா. பெட்ரோல் இல்லாமலே கிக்கரை உதைப்பா. நாலு உதை. என் கட்டிலுக்கு நேரா கேக்கும். பதினொரு வருஷம்டி! ஒரு மாசம் விட்டதில்லை பாவி."

"என் மேல ஏன் பழி போட்டீங்க?"

"பொண்டாட்டி ஏத்திட்டான்னு சொல்லிட்டு மில்லுல தலை காட்ட முடியுமா? ஜாம்னு சொன்னேன். ஏன் ஜாம்னு போலீஸ்காரன் கேட்டான். வாயில வந்துச்சு, சொன்னேன்."

"பதினொரு வருஷமா வாயிலேயே இருந்துச்சா?"

அம்மா உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், அது என் வாய் வழியாக வெளியே போனாலும், சிறை. அவள் சிறைக்குப் போனால் நான் இவரோடு தனியாக. அதனால் ஜாம் என்ற பொய் நிற்க, ஓடுகிற வண்டியைப் பூட்டிவைத்துவிட்டு மிதித்தாள்.

கியரை எடுத்தேன். சாவியைத் திருகினேன். விரல்கள் கிளட்சிலிருந்து பிரிய மறுத்தன. ஒவ்வொன்றாக எடுத்தேன்.

வாசலில் இரும்புக் கடைக்காரர் கயிற்றுச் சுருளோடு நின்றிருந்தார். எப்போது வந்தாரோ.

"என்னங்க, ஓடுது? ஜாம்னீங்க?"

"ஏத்திட்டுப் போய்யா" என்றார் அப்பா.

"அவருக்குப் பதில் சொல்லுங்கப்பா" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். தடி என் காலடியில் கிடந்தது. சுவரைப் பிடித்தபடி, பிறத்தியாரிடம் முதல்முறையாகச் சொன்னார்.

"ஜாம் ஆகலை. இவ ஆயிலைச் சரியாத்தான் ஊத்தியிருக்கா. இவ அம்மா வேணும்னுதான் ஏத்துனா."

"வேணும்னா? எதுக்குங்க?"

அப்பா சுவரோடு சுவராக நடந்து உள்ளே போய்விட்டார்.

இரும்புக் கடைக்காரர் என் கையிலிருந்து சொட்டிய ரத்தத்தைப் பார்த்தார். உடைந்த விளக்கைப் பார்த்தார். கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நீயே வெச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.