மறைந்திருப்பது என்று பொருள்

வாசகரே, இந்த வழக்கில் நீங்களே சாட்சி. தீர்ப்பு வேண்டாம், கேட்டிருந்தால் போதும்.

கல்லூரிப் பேச்சுப் போட்டியில், வேண்டியதைக் கொடுக்கும் ஆவிகள் இல்லை என்று வாதாடும் பக்கம் எனக்கு. என் ஒத்திகைகளுக்கு எப்போதும் அக்காவே நடுவர். பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்த்த அத்தான் கொண்டுவந்த, விளிம்பு கோணிய கோப்பை ஒன்றைக் கரண்டியால் தட்டுவாள். நேரம் முடிந்தது என்று பொருள்.

முன்பு இரண்டு கருவைப் பறிகொடுத்தவள், அப்போது மீண்டும் ஐந்து மாதம். மங்கலம்பேட்டைத் தோழியோடு தர்காவுக்குப் போய்க் கயிறு கட்டியிருந்தாள். நல்ல ஜின் ஒன்று பிள்ளையைக் காத்துக் கொடுக்கும் என்று அந்தத் தோழி சொல்லியிருந்தாள்.

நான் சிரித்தேன். அக்கா கோப்பையைத் தட்டினாள்.

"பெரிய பேச்சாளரே, ஜின்னுன்னா இன்னான்னு தெரியுமா ஒனக்கு? கேட்டுட்டு வந்து அப்புறமா இல்லன்னு சொல்லு."

மறுநாளே பஸ் ஏறினேன். மங்கலம்பேட்டையில் பிள்ளைகளுக்கு அரபி ஓதிக் கொடுக்கும் பெரியவர் பொறுமையாக விளக்கினார்: அது மறைத்தல் என்னும் வேரில் பிறந்த சொல்; கண்ணுக்கு மறைந்திருப்பது ஜின். வயிற்றில் மறைந்திருக்கும் சிசுவுக்கும் அதே வேரிலிருந்துதான் பெயர், ஜனீன்.

எனக்கு முழக்கம் கிடைத்துவிட்டது. 'என்றுமே மறைந்திருப்பது, என்றுமே இல்லாதது!' திரும்பும் பஸ்ஸில் அதை ஏற்றியும் இறக்கியும் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் ஆஸ்பத்திரி என்றார்கள். ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலில் அத்தான் வெள்ளைப் புழுதி படிந்த வேலைச் சட்டையோடு நின்றிருந்தார். "தங்கலப்பா," என்றார்.

அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கையில் தர்காக் கயிறு அப்படியே இருந்தது.

"கேட்டுட்டு வந்தியா?"

"அப்புறம் சொல்றேங்க்கா."

"இப்பவே சொல்லு."

சொன்னேன். சிசுவுக்கான அந்த அரபிச் சொல்லை மட்டும் விட்டுவிடத்தான் நினைத்தேன். என் முகத்தைத் திரும்பிப் பார்த்தவள் அதையும் கேட்டு வாங்கினாள்.

"அப்போ எம்புள்ளைங்களும் மறைஞ்சுதான் இருக்குதுங்களா? நாளைக்கு மேடையில அதுங்களையும் இல்லன்னுடுவியாடா?"

எத்தனையோ மேடைகளில் எதிரணியின் வாயை அடைத்தவன் நான். அன்று எதிரணியில் அக்கா. அக்கா கட்டிலின் இரும்புச் சட்டத்தை விரலால் ஒருமுறை தட்டினாள்.

வார்டு முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி, மேடைக்குரலிலேயே சொன்னேன்: "மாட்டேங்க்கா. மறைஞ்சிருக்கறத இல்லைன்னு எந்த மேடையிலயும் சொல்ல மாட்டேன்."