முந்தானை, வளையல், தாலி, பிறகு அடி

எழுபதுகளின் நடுவில், புதுத் துறைமுகம் வந்த புதிது. என் வீட்டுக்காரருக்கு ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. மில்லர்புரத்தில் கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்தோம். வளாகத்துக்குள்ளேயே ஒரு மனமகிழ் மன்றம். அதற்கு எங்கிருந்தோ ஏலத்தில் எடுத்த பூல் மேசை ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஆண்கள் ஆபீஸ் முடிந்து வரும்வரை சாயங்காலம் மன்றம் பெண்களுக்கு. எல்லோரும் கேரம் பலகையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. நான் பூல் ஆடப் போனதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

எனக்குத் துணை பக்கத்து வீட்டு அக்கா. தருவைகுளத்துக்காரர். அவர் கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டினார். ஆட்டம் எளிதானதுதான். வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து, ஆளுக்கு ஏழு பந்தைக் குழியில் தள்ள வேண்டும். கடைசியாகக் கறுப்பைத் தள்ளுகிறவர் ஜெயித்தவர். வெள்ளை மட்டும் விழக்கூடாது. கோல் தவிர வேறு எதுவும் பந்தில் படக்கூடாது.

அந்தக் கடைசி விதியை எழுதியவன் சேலை கட்டிய பெண்ணைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. முதல் நாள் நான் குனிந்ததும் முந்தானை வழுக்கி மேசைமேல் விழுந்து மூன்று பந்துகளை ஓரங்கட்டியது.

"ஏளா, பந்து அடிக்கியா, வாசல் பெருக்குதியா?" என்றார் அக்கா.

மறுநாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன். கோலை இழுத்ததும் கண்ணாடி வளையல்கள் கலகலவென்று சரிந்து வந்து கையை ஆட்டிவிட்டன. அதற்கடுத்த நாள் வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டேன். அன்று தாலிச் சங்கிலி முன்னால் தொங்கி, 'டிங்' என்று வெள்ளைப் பந்தில் இடித்தது.

அப்புறம் ஒன்றை நினைத்தால் ஒன்று மறந்தது. ஒருநாள் அடித்ததெல்லாம் குழிக்குள் போகும். மறுநாள் ஒன்றுகூட விழாது. அக்கா ஒவ்வொரு அடிக்கும் முன்னால் சிலுவை போட்டுக்கொள்வார். நெற்றி, நெஞ்சு, இடத்தோள், வலத்தோள். எந்த அவசரத்திலும் அந்த வரிசை மாறாது. பந்து விழுவது வேறு விஷயம், பெரும்பாலும் விழாது. ஆனால் அந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது. நானும் ஒன்று வைத்துக்கொண்டேன். பந்துக்குப் பின்னால் நின்று குழியைப் பார்ப்பது, முந்தானையைச் செருகுவது, வளையலை ஏற்றுவது, தாலியை ரவிக்கைக்குள் போடுவது, குனிந்து கோலை இரண்டு முறை சும்மா ஆட்டுவது, அப்புறம் அடி. பந்து எவ்வளவு பக்கத்தில் கிடந்தாலும் இதில் ஒன்றையும் விடுவதில்லை.

ஒரு மாதத்தில் கை தானாகச் செய்ய ஆரம்பித்தது. பிரச்சினை என்னவென்றால், வீட்டிலும் செய்தது. ஒரு காலையில் தோசைக்கல் முன்னால் நின்று முந்தானையைச் செருகி, வளையலை ஏற்றி, தோசைத் திருப்பியை இரண்டு முறை காற்றில் ஆட்டியிருக்கிறேன். தட்டோடு காத்திருந்த என் வீட்டுக்காரர், "தோசையை எந்தக் குழியில தள்ளப் போற?" என்று கேட்டார்.

பொங்கலுக்கு மன்றத்தில் போட்டி வைத்தார்கள். போதுமான பேர் சேராததால் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். எப்படியோ இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டேன். எதிரில் தலைமைக் குமாஸ்தா. ஓட்டப்பிடாரத்துக்காரர், எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி. பேசிக்கொண்டே வருவார், பேசிக்கொண்டே அடிப்பார், பந்து விழும்போது வேறு யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார். அன்று நடுவர் பக்கத்து வீட்டு அக்காவின் கணவர்.

நான் வரிசையாக நாலு பந்தை விழவைத்ததும் அண்ணாச்சி கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க. இந்தப் பிள்ளை ஒவ்வொரு அடிக்கும் தாலியத் தொட்டுக் கும்பிட்டுல்லா அடிக்கி! நான் இவகூட ஆடுதேனா, இல்ல மாரியம்மன்கூட ஆடுதேனா?"

நடுவர் என்னிடம் வந்தார். "மதினி, நெசமாவே கும்பிடுதியளா?"

மேனேஜர், அவர் மனைவி, ஆபீஸ் ஆண்கள் மொத்தப் பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாலியை எங்கே போடுகிறேன், எதற்குப் போடுகிறேன் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? முகம் சுட்டது.

"ஆமா, கும்பிடுதேன்" என்றேன்.

முன்வரிசையில் இருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

நடுவர் அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "கும்பிடக் கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. என் வீட்டுக்காரியும் சிலுவை போட்டுத்தான் அடிக்கா. ஒண்ணும் விழமாட்டேங்கு."

"யோவ்!" என்று கேரம் பலகைப் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது.

"அப்பம் நானும் கும்பிடுதேன்" என்றார் அண்ணாச்சி. அதிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கண்ணை மூடி, "செந்தூர் முருகா!" என்று நீளமாக அழைத்தார். கண்ணைத் திறந்ததும் எந்தப் பந்தை அடிக்க வந்தோம் என்பது மறந்துவிடும். மறுபடி மேசையைச் சுற்றி வருவார். பேச்சு நின்றுபோனது, பேச்சோடு குறியும் போனது. ஆனாலும் லேசுப்பட்ட ஆளில்லை. தட்டுத்தடுமாறிக் கடைசிக் கறுப்புக்கு வந்துவிட்டார். இரண்டு மடங்கு நேரம் முருகனை அழைத்துவிட்டு அடித்தார். கறுப்பு விழுந்தது. ஜனங்கள் கைதட்ட ஆரம்பிக்கும்போதே வெள்ளைப் பந்தும் மெதுவாக, யோசித்து யோசித்து உருண்டுபோய் அதே குழியில் விழுந்தது.

வெள்ளை விழுந்ததால் ஆட்டம் எனக்கு, பரிசான எவர்சில்வர் தூக்குச்சட்டியும் எனக்கு. வீட்டுக்கு நடக்கும்போது என் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எனக்காக என்ன வேண்டிக்கிட்ட?"

"ஒண்ணும் வேண்டலை. சங்கிலி தொங்கிப் பந்துல இடிக்கும். அதான் உள்ள போட்டேன்."

தூக்குச்சட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு, "வெளிய யார்ட்டயும் சொல்லிராத" என்றார்.

நான் சொல்லவில்லை. அண்ணாச்சி கும்பிடுவதையும் விடவில்லை. கண்ணை மட்டும் மூடுவதில்லை. கோல் நுனிக்கு நீலச் சுண்ணக்கட்டி, நெற்றிக்குத் திருநீறு, ஒரு முருகா, ஒரு செருமல், அடி. சிலநாள் அவசரத்தில் சுண்ணக்கட்டி நெற்றிக்குப் போய் நீலமாக நிற்பார். ஆனால் பந்துகள் ஒழுங்காக விழத் தொடங்கின. அடுத்த பொங்கலுக்கு என்னை ஒரு பந்துகூடத் தள்ளவிடாமல் தோற்கடித்தார். அந்த வருஷப் பரிசு மடக்கு நாற்காலி. அதை அங்கேயே விரித்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, விட்டுப்போன ஒரு வருஷப் பேச்சையும் சேர்த்துப் பேச ஆரம்பித்தார்.